அப்பாவின் ஹெர்குலிஸை மறுபடி சாலைக்குக் கொண்டுவருவது எப்படி?

கொட்டகையில் பழைய சைக்கிள் சாய்ந்து கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் மாதிரியான கம்பி பிரேக் வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. அப்பாவின் வண்டியில்தான் நான் தினமும் கடைத்தெருவுக்குப் போய்வருகிறேன்.

முதலில் ஃபிரேமைப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் விரிசலோ புடைப்போ இருந்தால் அந்த ஃபிரேம் வேண்டாம். அது சரியாக இருந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயிண்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். பழைய கறுப்பும் அதன் மேல் ஓடும் தங்க நிறக் கோடும் ஒருமுறை மறைந்தால் போனதுதான். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். துருவேறிய குரோம் பாகங்களை, சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். கறுப்பாகக் குழம்பு மாதிரி வரும், துடைத்தால் பளபளப்பு தெரியும்.

அடுத்து பெடல். வலது பெடல் வழக்கமான மரை. இடது பெடலுக்குத் தலைகீழ் மரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

கஷ்டமான வேலை காட்டர் பின், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கிராங்குக் கையை நடு அச்சோடு பிடித்துவைக்கும் ஆப்பு மாதிரியான ஆணி. முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல், பின்னின் நுனியோடு மட்டமாக நிற்கும்வரை தளர்த்துங்கள், மரை நசுங்காது. தரையில் ஊன்றிய இரும்புக் குழாயைக் கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. முதல் தடவை நான் முட்டுக் கொடுக்காமல் தட்டினேன். பின் வளைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ள, துளைபோட்டு எடுக்க ஒரு நாள் போனது. திரும்ப மாட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிராக இருக்கட்டும். இல்லாவிட்டால் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காது.

அப்புறம் ஹப், அதாவது அச்சு ஓடும் சக்கரத்தின் நடுப்பகுதி. அச்சை வெளியே எடுக்கும்போது கீழே துணி விரியுங்கள், உள்ளே இருக்கும் பேரிங் பால்ஸ் சிதறி ஓடும். முன் சக்கரத்தில் பெரும்பாலும் 3/16 அங்குல பால்ஸ் பக்கத்துக்கு 10, பின்னால் 1/4 அங்குலம் பக்கத்துக்கு 9. டீசலில் கழுவி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். ஒன்றில் குழி தெரிந்தாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றிவிடுங்கள். பால்ஸ் உட்காரும் கப்பில் கிரீஸ் நிரப்பி, பால்ஸை அடுக்கி, அச்சில் திருகும் கூம்பு வடிவக் கோனை ஆட்டம் நிற்கும்வரை முடுக்கி, பிறகு ஒரு துளி தளர்த்துங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையை எடுத்தால், வால்வு இருக்கும் பக்கம் தானாகக் கீழே இறங்கி, ஊஞ்சல் மாதிரி இரண்டு மூன்று தரம் ஆடி நிற்க வேண்டும். அது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செயினை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். கண்ணிகளை இணைக்கும் பின்னிலிருந்து பின்னுக்கு 12 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 12 1/8 வந்துவிட்டால் புதுசு போடுங்கள். ரிம் கோட்டம் எடுப்பதை முதல் தடவை அனுபவமுள்ள கடைக்காரரிடம் விட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். 28 x 1½ டயர் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

பிரேக் கட்டைகள் நான்கையும் மாற்றுங்கள். இவை ரிம்மின் உள்பக்கத்தில் பிடிப்பவை. இரும்பு ரிம் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறையும். மழையில் வேகத்தைக் குறைத்து, வழக்கத்தைவிட முன்னாலேயே பிடிக்கப் பழகுங்கள்.

ஓட்டத் தொடங்கிய பிறகு வாரம் ஒருமுறை காற்று, மாதம் ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய், மழைக்காலம் முடிந்ததும் முழு ஓவராயில். முதல் 20 கிலோமீட்டர் ஓடியதும் காட்டர் பின் நட்டை மட்டும் மறக்காமல் ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள், நிச்சயம் கொஞ்சம் இறங்கும்.