அவர்கள் காட்டும் வழியில் போகாதீர்கள்: இணைய மோசடியிலிருந்து தப்பிக்கப் படிப்படியாக

போன மாதப் பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30 மணிக்குக் கரண்ட் கட், உடனே இந்த நம்பரில் அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று ஒரு மெசேஜ். மதுரையில் இதைப் பார்க்காத வீடு குறைவுதான். வந்தால் பதறாமல் உங்கள் ஈபி கார்டை எடுத்துப் பாருங்கள். மதுரை மண்டலத்தில் இணைப்பு எண் 05 என்று தொடங்கும். மெசேஜில் அந்த எண் இருக்காது, ஏனென்றால் அனுப்பியவனுக்கு உங்கள் எண் தெரியாது. ஒரே மெசேஜை ஆயிரம் பேருக்கு அனுப்பியிருக்கிறான். அனுப்பிய நம்பரும் சாதாரண 10 இலக்க மொபைல் நம்பராக இருக்கும்.

அந்த நம்பரைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? மரியாதையாகப் பேசுவான். சிஸ்டத்தில் அப்டேட் ஆகவில்லை, 10 ரூபாய் மட்டும் கட்டுங்கள் என்பான். உதவி செய்வதாகச் சொல்லி எனிடெஸ்க் மாதிரி ஒரு ஆப்பைப் போடச் சொல்வான். அந்த ஆப் கெட்டதல்ல, கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் பயன்படுத்துவதுதான். ஆனால் அதை அனுமதித்த பிறகு உங்கள் திரையில் தெரிவதெல்லாம் அவன் கண்ணுக்கும் தெரியும். கார்டு நம்பர், ஓடிபி எதையும் அவன் கேட்கவே வேண்டியதில்லை.

எத்தனை விதமான மோசடி வந்தாலும் அடிப்படை இதுதான். அவர்களாக வருவார்கள், அவசரப்படுத்துவார்கள், போகிற வழியையும் அவர்களே தருவார்கள்: ஒரு லிங்க், ஒரு நம்பர், ஒரு கியூஆர். அந்த வழியில் மட்டும் போகாதீர்கள். பில் பாக்கி இருக்கிறதா என்று மின்வாரியத்தின் ஆப்பில் நீங்களே பாருங்கள், இல்லையென்றால் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தில் 94987 94987 எண்ணில் கேளுங்கள். கீழே உள்ள படிகளை ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலையில் முடித்துவிடலாம். அப்படியே அப்பா, அம்மா போனிலும் செய்து கொடுங்கள்.

படி 1: முதலில் மெயில்

வங்கியைப் பூட்டுவதற்கு முன் மெயிலைப் பூட்டுங்கள். அதுதான் கொத்துச்சாவி. மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றும் லிங்க் அங்கேதான் வரும்.

ஜிமெயிலில் உங்கள் படத்தைத் தொட்டு, கூகுள் கணக்கு, செக்யூரிட்டி என்று போனால் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டுக்குப் பிறகு இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பு) இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டாகத் தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து வையுங்கள். நீளமாக இருக்கும், மறக்கவும் மறக்காது. பெயரும் பிறந்த வருஷமும் வேண்டாம். இதே பாஸ்வேர்டை வேறு எந்தத் தளத்திலும் போடாதீர்கள். ஏதோ ஒரு கடையின் தளத்திலிருந்து கசிந்தால், அதை முதலில் மெயிலில்தான் போட்டுப் பார்ப்பார்கள்.

அதே பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியலையும் பாருங்கள். விற்றுவிட்ட பழைய போன், எப்போதோ உட்கார்ந்த பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் எல்லாம் அதில் இருக்கலாம். தெரியாத ஒவ்வொன்றிலும் சைன் அவுட் கொடுங்கள். மீட்பு நம்பராக இப்போது கையில் இருக்கும் சிம் இருக்கிறதா? கைவிட்ட நம்பர் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும்.

படி 2: முகவரியைப் படிக்கப் பழகுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாதுகாப்பு. இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

பிரவுசரின் மேலே இருக்கும் முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் கடைசியாக இருக்கும் பெயர்தான் தளத்தின் உரிமையாளர். உதாரணமாக, 'உங்கள்வங்கி.கேஒய்சி-அப்டேட்.காம்' என்று இருந்தால் அது வங்கியின் தளமே இல்லை. உரிமையாளர் 'கேஒய்சி-அப்டேட்.காம்'. முன்னால் வங்கிப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அது அடையாளம். எதிரே இருப்பவன் யோக்கியன் என்று அது சொல்வதில்லை.

இப்போது நமக்கு ஒரு வசதி வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025-இல் எல்லா வங்கிகளையும் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறச் சொன்னது. அந்த முகவரி வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். அரசுத் தளங்கள் 'டாட் கவ் டாட் இன்' என்று முடியும். மீனாட்சியம்மன் கோயில் தளத்தின் முகவரியும் அறநிலையத்துறையின் 'ஹெச்ஆர்சிஇ டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்' என்றுதான் முடிகிறது. திருக்கல்யாண டிக்கெட் என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் அதன் முடிவைப் பாருங்கள்.

சரியான தளத்தைக் கண்டுபிடித்ததும் கண்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்தி புக்மார்க் செய்துவிடுங்கள். கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் கூகுளில் தேடவே தேடாதீர்கள். தேடலில் மேலே வரும் நம்பர் மோசடிக்காரர்கள் போட்டு வைத்ததாகவும் இருக்கலாம். ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ இருக்கும் நம்பர் போதும்.

படி 3: ஏபிகே ஃபைலைத் தொடாதீர்கள்

முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் 'டாட் ஏபிகே' என்று இருந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். டிராஃபிக் அபராதம், பிஎம் கிசான் என்ற பெயர்களிலும் வருகிறது. உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். மாமா நம்பரிலிருந்துதானே வந்தது என்று திறந்துவிடாதீர்கள். மாமாவின் போனைப் பிடித்தவர்கள் அவருடைய எல்லா குரூப்புக்கும் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

போன் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தொட்டு ஏற்றிவிட்டீர்கள் என்றால் உடனே ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஆப் உங்களுக்கு வரும் ஓடிபியைப் படித்துக்கொண்டிருக்கும், அதனால்தான் வேறு போன்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் 6 இலக்க பின் வையுங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் நீக்குங்கள்.

கம்ப்யூட்டர் பற்றிச் சுருக்கமாக. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடிந்தால் மாறுங்கள். கிராக் செய்த மென்பொருள் வேண்டவே வேண்டாம். வைரஸ் என்று அலறிக்கொண்டு திரை முழுக்க ஒரு பக்கம் வந்தால் அதிலுள்ள நம்பரைக் கூப்பிடாமல் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து மூடுங்கள்.

படி 4: யுபிஐக்குத் தனிக் கணக்கு

சேமிப்பு இருக்கும் கணக்கை யுபிஐயோடு இணைக்காதீர்கள். செலவுக்கு மட்டும் ஒரு சின்னக் கணக்கு போதும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரிகள் முதல் சுங்குடி விற்பவர்கள் வரை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தந்திரம் இருக்கிறது. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி மொத்தமாக ஆர்டர் கொடுப்பார்கள். ஐடி கார்டு படமும் அனுப்புவார்கள். முன்பணம் போடுகிறோம், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

படி 5: வீடியோ காலில் போலீஸ் வந்தால்

உங்கள் பெயரில் பார்சல் வந்தது, அதில் போதைப்பொருள், நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், கேமராவை அணைக்கக் கூடாது என்று போலீஸ் வேடத்தில் ஒருவன் மிரட்டுவான். இதற்குப் பெரும்பாலும் இரையாவது பென்ஷன் வாங்கும் பெரியவர்கள். நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. எந்தப் போலீசும் விசாரணை முடியும்வரை பணத்தை வேறு கணக்கில் போட்டு வை என்று சொல்வதில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர்கள் சொன்னதுமே இணைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 6: பணம் போய்விட்டால்

1930. இணைய மோசடிக்கான அரசின் உதவி எண் இது. எந்த நேரமும் கூப்பிடலாம். போன பணம் ஒரே இடத்தில் நிற்காது, சில நிமிடங்களில் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஏடிஎம்மில் எடுப்பதற்குள் வழியில் நிறுத்தி வைக்கத்தான் இந்த எண். அதனால் மானம் போய்விடுமே என்று ஒரு ராத்திரி யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். ஏமாந்தவரை வீட்டிலுள்ளவர்களும் திட்டக் கூடாது. திட்டுக்குப் பயந்து மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் தூரமாகப் போகிறது.

கூப்பிடும்போது வங்கியின் பெயர், தொகை, நேரம், பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண் ஆகியவை கையில் இருக்கட்டும். யுபிஐ ஆப்பின் ஹிஸ்டரியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் எண் தெரியும். அடுத்து வங்கியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அப்புறம் 24 மணி நேரத்துக்குள் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் முழு விவரத்தையும் பதிவு செய்யுங்கள். அவன் அனுப்பிய மெசேஜ்களை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. நேரில் போவதென்றால் மதுரை மாநகருக்குத் தனி சைபர் கிரைம் காவல் நிலையம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஆட்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்.

போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முன்னால் கட்டுங்கள் என்று யாராவது பேசினால் அதுவும் மோசடிதான்.

பணம் எதுவும் போகவில்லை, சந்தேகமான அழைப்போ மெசேஜோ மட்டும் வந்தது என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் அந்த நம்பரைப் புகார் செய்யலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் அங்கேயே பார்க்கலாம். நீங்கள் வாங்காத நம்பர் தெரிந்தால் 'இது என்னுடையது அல்ல' என்று குறித்து அனுப்புங்கள்.