இன்ஜின் மாற்றினால் பழைய ஆயில் கூலரைக் கடாசுங்கள்

போன மாதம் தெருவில் இரண்டு தம்பிகள் வீட்டுப் போர்டிகோவிலேயே ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக்கின் இன்ஜினை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த அதே கோளாறுகள், வரிசைகூட மாறாமல். பேட்டரியைக் கழற்று, பிரிக்கும் முன் போட்டோ எடு, போல்ட்டுகளைத் தனித்தனி கவரில் போடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

இன்ஜின் வாங்கும்போது

2016-இல் வந்த முதல் ஹிமாலயன் கார்புரேட்டர் வண்டி. எஃப்.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சுகிற வகை) 2017-இல்தான் வந்தது. இரண்டுமே 411 சிசி, கடையில் தரையில் கிடக்கும்போது ஒன்றுபோலத்தான் தெரியும். உங்கள் வண்டியில் இருக்கிற ஒவ்வொரு சென்சாருக்கும் அந்த இன்ஜினில் இடம் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அதே கம்பெனியின் ஸ்க்ராம் 411-லும் இதே குடும்பத்து இன்ஜின்தான், அதையும் தேடலாம். சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடையோ உள்ளூரோ, எங்கே வாங்கினாலும் பில்லும், அந்த இன்ஜின் நம்பர் இருக்கிற ஆர்.சி. நகலும் கைக்கு வராமல் பணத்தை எண்ணாதீர்கள்.

பழைய ஆயில் கூலர்

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

என் முதல் இன்ஜின் தொப்பூர் ஏற்றத்தில் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. ஆயில் லெவல் பார்க்காமல் பெங்களூருக்குக் கிளம்பியது என் தப்பு. பிஸ்டன் உரசித் தேய்ந்திருந்தது. நல்ல இன்ஜின் ஒன்று தேடிப் பிடித்து, மூன்று ஞாயிறு உட்கார்ந்து மாற்றினேன். புது ஆயில், புது ஃபில்டர். முன்னால் இருக்கிற, சூடான ஆயிலை ஆறவைக்கிற ஆயில் கூலரையும் அதன் இரண்டு ஹோஸையும் மட்டும் மண்ணெண்ணெய் விட்டு அலசித் திரும்பப் பூட்டினேன். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை.

அறுநூறு கிலோமீட்டர் ஓடியது. கொல்லிமலை ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவில் முப்பதைத் தாண்டியதும் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி சத்தம். குட்டி யானையில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தை வெயிலில் விரித்தேன். ஜிகினா தூவின மாதிரி மின்னியது. காந்தத்தைக் காட்டினால் ஒரு துகளும் ஒட்டவில்லை. அலுமினியம், பழைய பிஸ்டனின் பொடி. அப்புறம் கூலரைக் கழற்றி மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, வெள்ளை வேட்டித் துணியில் வடித்தேன். மின்னியது. நாலாவது தடவையும் மின்னியது.

கூலருக்குள் ஆயில் போகிற பாதை சந்து சந்தாக இருக்கும். துகள்கள் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். குளிர்ந்த மண்ணெண்ணெய்க்கு அசையாதது, ஆயில் சூடாகி அழுத்தத்தோடு ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி வரும். ஃபில்டர் இருக்கிறதே என்பீர்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் வறண்டுபோகக் கூடாது என்று பொதுவாக ஒரு பைபாஸ் வால்வு வைத்திருப்பார்கள். அது திறந்தால் வடிகட்டாத ஆயில்தான் நேராக உள்ளே போகும்.

அந்தத் தம்பிகளில் ஒருவன் சொன்னான்: "கம்ப்ரஸர்ல காத்து அடிச்சு நல்லா கிளீன் பண்ணிட்டோம்ண்ணா, பளிச்சுனு இருக்கு." வெளியே பளிச்சென்று இருந்தது. நான் துணியைக் கொண்டுவரச் சொன்னேன். வடித்துப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

பழைய இன்ஜின் எதனால் செத்தது என்று பாருங்கள். வெறும் ஆயில் கசிவு, கியர் பிரச்சினை, உள்ளே பொடி எதுவும் இல்லை என்றால் கூலரை வைத்துக்கொள்ளலாம். பிஸ்டனோ பேரிங்கோ போய்ச் செத்திருந்தால் கூலர், ஹோஸ் இரண்டும் புதிதுதான். போட்டபிறகும் நூறு கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றி, கழற்றியதை அறுத்துப் பாருங்கள்.

மவுன்ட் போல்ட்

இன்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கிற இந்த போல்ட் விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் இன்ஜினைத் தாங்குகிற ஜாக்கியைக் கால் திருகு ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். சுத்தியலை எடுத்தால் மரை போச்சு. இன்னொன்று, ஒரு போல்ட்டை மாட்டியதும் முறுக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, இன்ஜின் தானாக உட்கார்ந்த பிறகு டார்க் ரென்ச்சால் (முறுக்கும் அளவைக் காட்டுகிற ஸ்பேனர்) முறுக்குங்கள். இல்லையென்றால் எண்பதில் போகும்போது ஹேண்டில்பாரில் கை மரத்துப்போகும். நீண்ட தூரம் ஓட்டுகிறவனுக்கு அது பெரிய தண்டனை.

எர்த் ஒயர்

இன்ஜினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குப் போகிற இந்த ஒயரை மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகப் போகும், புகை வரும்.

முதல் ஸ்டார்ட்

புதுக் கூலர் காலியாக இருக்கும். அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றி, காயில், இன்ஜெக்டர் இரண்டின் கனெக்டரையும் எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரை ஐந்தைந்து விநாடியாக விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஆயில் மேலே ஏறட்டும். ஸ்டார்ட் செய்து நிறுத்தியதும் லெவலைத் திரும்பப் பாருங்கள். கூலர் குடித்த அளவுக்கு இறங்கியிருக்கும்.

ஆர்.சி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு. இன்ஜின் நம்பர் மாறியதை ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பிகள் இன்னும் போகவில்லை.