31-ஐ வெறும் ஒன்றுகளால் எழுதுவது எப்படி?

அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக் கேட்டில் பழைய எண் 31 என்று இருக்கும், அதற்குக் கீழே புதிய எண் வேறு. ஆட்டோக்காரர் எதைக் கேட்டு வந்தாலும் வந்து நிற்பது அதே கேட் முன்னால்தான். எண்ணின் அடிமானத்தை (base: ஒவ்வொரு இடத்தின் மதிப்பும் எத்தனை மடங்காகப் பெருகுகிறது என்பது; நாம் வழக்கமாக எழுதுவது அடிமானம் 10) மாற்றுவதும் இப்படித்தான். 31 பகா எண், எந்த அடிமானத்தில் எழுதினாலும் அது பகா எண்தான். ஆனால் எழுதும் விதத்தை மாற்றினால் சில வேடிக்கைகள் வெளியே வரும். கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: 31-ஐ 5-ஆல் வகுங்கள், ஈவு 6, மீதி 1. அந்த 6-ஐ மறுபடி 5-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 1. அந்த 1-ஐயும் வகுத்தால் ஈவு 0, மீதி 1. ஈவு 0 வந்ததும் நிறுத்திவிட்டு மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்: 111. அடிமானம் 5-இல் 31 இதுதான். சரிபார்க்க, 25 + 5 + 1 = 31.

பலரும் மேலிருந்து கீழாகப் படித்துவிடுவார்கள். 31-இல் அது தெரியாது, எல்லாமே ஒன்று. 23-ஐப் போட்டுப் பாருங்கள்: சரியான விடை 43, தலைகீழாகப் படித்தால் 34, அதாவது 19. அதுவும் பகா எண்ணாகவே அமைந்து தொலைப்பதால் தப்பு சட்டென்று கண்ணில் படாது!

படி 2: அதே 31-ஐ 2-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். ஐந்து முறையும் மீதி 1, ஆக அடிமானம் 2-இல் 11111.

படி 3: இங்கேதான் பழக்கதோஷம் காலை வாரும். 111 என்று பார்த்ததும் இலக்கங்களைக் கூட்டி, 3 வருகிறது, அப்படியானால் 3-ஆல் வகுபடும் என்று கை தானாக எழுதிவிடும். அந்த விதி அடிமானம் 10-க்கு உரியது, 10-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால்தான் அங்கே அது செல்லுபடியாகிறது. (அங்கே 111 = 3 × 37, பகா எண்ணே இல்லை.) அடிமானம் 5-இல் இலக்கக் கூட்டல் 2-க்கும் 4-க்கும்தான் உதவும். ஒற்றையா இரட்டையா என்பதைக்கூடக் கடைசி இலக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது, எல்லா இலக்கங்களையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

படி 4: எத்தனை ஒன்றுகள் என்று எண்ணுங்கள். நான்கு இருந்தால் அது பகா எண்ணா என்று தேடவே வேண்டாம், எந்த அடிமானத்திலும் 1111 = 11 × 101. அடிமானம் 5-இல் அது 156 = 6 × 26. ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண் என்றால் அந்த எண்ணும் பகு எண்தான். இதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்: அடிமானம் 2-இல் பதினோரு ஒன்றுகள் 2047, அது 23 × 89.

படி 5: 31-ஐ அடிமானம் 30-இல் எழுதினால் 11. இதில் பெருமை ஒன்றும் இல்லை, 2-ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதைவிட ஒன்று குறைந்த அடிமானத்தில் 11 வந்துவிடும். குறைந்தது மூன்று ஒன்றுகளாவது, அதுவும் இரண்டு வெவ்வேறு அடிமானங்களில் வர வேண்டும் என்றால்தான் சங்கதி. 31-க்குத் துணையாக 8191 இருக்கிறது: அடிமானம் 2-இல் பதின்மூன்று ஒன்றுகள், அடிமானம் 90-இல் 111. தொண்ணூறு இலக்கங்களுக்கு எங்கே போவது என்று மலைக்காதீர்கள், நமக்கு வேண்டியது 1 மட்டும். 8100 + 90 + 1, கூட்டிப் பாருங்கள். இப்படிப்பட்ட எண்கள் இவை இரண்டு மட்டுமே என்று பெல்ஜியத்தின் ரெனே கோர்மாக்டிக் 1917-இல் ஊகித்தார், அதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.