ரிட்ரீவர் குழுவுக்கு வரலாறு எழுதுவது எப்படி

எறிந்ததை ஓடி எடுத்துவரும் ரிட்ரீவர் நாய்களுக்குப் பயிற்சி தரும் எங்கள் குழுவில் எந்த ஆண்டு எந்த நாய் ஜெயித்தது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். கோப்பையில் பெயர் இருக்கிறது. அந்த நாய் ஓடி எடுத்துவந்த டம்மியை (பறவைக்குப் பதிலாக எறியும் கான்வாஸ் பொருள்), உயரமான லாலான் புல்லுக்குள் மறைந்து உட்கார்ந்து எறிந்தவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வரலாறு எழுத உட்காருகிறவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நான் சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். வீவக வீட்டில் லாப்ரடார் வளர்க்க முடியாது என்பதால் எங்கள் பிரௌனி அண்ணனின் தரைவீட்டில் வளர்கிறாள். ஞாயிறு காலை அவளைத் திடலுக்குக் கூட்டிப் போவது என் வேலை. குழுவின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கூடவே இரண்டு பிஸ்கட் டின் நிறைய காகிதமும் வந்தது.

டின்னைத் திறந்ததும் பிரித்து அடுக்காதீர்கள். இருக்கிற வரிசையிலேயே ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். எந்த ரசீதோடு எந்த மதிப்பெண் தாள் சேர்ந்து கிடந்தது என்பதே பல சமயம் தேதி சொல்லும். கடை ரசீதுகளை முதலில் எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் எழுத்து மங்கிக்கொண்டே இருக்கும். பழைய ஒட்டும் ஆல்பத்தில் இருக்கும் படங்களைப் பிய்த்து எடுக்க வேண்டாம். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுப்பதுபோல் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் அப்படியே படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் செய்வதும் வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. இங்குள்ள ஈரத்துக்குக் காற்றுப் புகாத டப்பாவும் நாலைந்து சிலிக்கா பொட்டலங்களும் போதும்.

தேதி விஷயத்தில் நான் நன்றாக ஏமாந்தேன். ஒரு படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் 1994 என்று அச்சாகியிருந்தது. அதை நம்பி, எங்கள் முதல் பயிற்சி 1994இல் நடந்தது என்று ஒரு பக்கமே எழுதிவிட்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நாய்க்குப் பின்னால் பொங்கோல் எல்ஆர்டி ரயில் ஓடுகிறது. அந்தப் பாதை திறந்ததே 2005 ஜனவரியில். கேமராவின் கடிகாரத்தை யாரும் சரி செய்யவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து முன்னால் நிற்கும் நாயைப் பார்ப்பதற்கு முன்பே பின்னணியைப் பார்த்துவிடுகிறேன்: பேருந்தின் நிறம், கட்டி முடியாத அடுக்குமாடி புளோக்கு, கடைப் பலகை.

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்பதற்கு கோல்டன் ரிட்ரீவரின் கதையே சாட்சி. ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்த இனம் அது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபுவின் பண்ணையில் 1835 முதல் 1890 வரை நாய்க் கணக்கு எழுதிய நோட்டு ஒன்று இருந்தது. 1952இல் அதன் விவரம் வெளியான பிறகுதான் உண்மை தெரிந்தது. நூஸ் என்ற மஞ்சள் ரிட்ரீவருக்கும் பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியலுக்கும் 1868இல் பிறந்த குட்டிகளில் தொடங்கிய வம்சம் அது. யாரோ ஒருவர் பொறுமையாக எழுதிவைத்த பெயர்கள் நெடுங்காலக் கட்டுக்கதையைத் தீர்த்துவைத்தன. உங்கள் பிஸ்கட் டின்னும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

அப்புறம் பேட்டி. "குழு எப்படி ஆரம்பித்தது?" என்று கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். "அங்கிள், உங்கள் முதல் நாய் பெயர் என்ன?" என்று கேளுங்கள், இரண்டு மணி நேரம் ஓடும். ஆண்டு நினைவில்லை என்றால் "அப்போது எந்த நாய் வைத்திருந்தீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. லாப்ரடார் சுமார் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். மூன்று நாய் வளர்த்தவர் முப்பது ஆண்டுக் காலண்டர் வைத்திருக்கிறார் என்று பொருள். 2003 சார்ஸ் நோய், 2020 சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கம், இந்த இரண்டையும் யாரும் மறக்கவில்லை. அதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். பேட்டிக்குக் காப்பிக்கடை வேண்டாம், கரண்டிச் சத்தம்தான் பதிவாகும். வீட்டுக்குப் போங்கள். மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கணவர் விட்டதை அவர் சொல்லுவார்.

அப்படி ஒரு வீட்டில்தான் டம்மி எறிந்த பெரியவரைப் பற்றித் தெரிந்தது. இன்னொருவர் வீட்டுத் தோட்டக்காரர் அவர். ஞாயிறுதோறும் திடலுக்கு வந்து, ஒரே இடத்தில் விழும்படி மறுபடி மறுபடி எறிவாராம். இது சாதாரண வேலை இல்லை. 'மார்க்' என்ற சோதனையில் டம்மி விழும் இடத்தை நாய் தூரத்திலிருந்து கண்ணால் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எறிபவர் ஒரு நாய்க்கு உயரமாகவும் அடுத்ததற்குத் தாழ்வாகவும் எறிந்தால் போட்டியே நியாயமில்லாமல் போய்விடும். 'பிளைண்ட்' சோதனையில் டம்மி கிடக்கும் இடம் நாய்க்குத் தெரியாது. நாயை நடத்துபவர் விசிலும் கையசைவும் கொண்டு அதை அனுப்புவார். இந்தச் சொற்களை உங்கள் புத்தகத்தில் முதல் முறை வரும் இடத்திலேயே விளக்கிவிடுங்கள். பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள்.

பொது வரலாறு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் நீர்நாய்கள் பிரிட்டனுக்கு வந்தது, 1903இல் அங்குள்ள கென்னல் கிளப் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது, 1931 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்துச் செஸ்டரில் அமெரிக்க லாப்ரடார் கிளப் தன் முதல் களப்போட்டியை நடத்தியது, இவ்வளவு போதும். அங்கே சுட்ட பறவையை எடுத்துவரச் சொல்கிறார்கள், இங்கே நாம் கான்வாஸ் டம்மியை எறிகிறோம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பழைய செய்தி தேட தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பு இலவசம். ஆங்கில எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றித் தேடுங்கள். நமது பெயர்களை அக்காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி அச்சிட்டார்கள்.

அச்சுக்குப் போகும் முன், பெயர் வரும் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டுங்கள். அவர் இல்லாவிட்டால் குடும்பத்தாரிடம். கடைசியில் நான்கு பக்கத்தை வெற்றாக விடுங்கள், திருத்தங்கள் வரும். எங்களுக்கு இதுவரை மூன்று வந்திருக்கின்றன. இரண்டு, நாய்களின் வயது. மூன்றாவது, 2006இல் எடுத்த ஒரு படத்தில் புல்லுக்கு மேல் தொப்பி மட்டும் தெரிகிற ஆளின் பெயர். அவருடைய மகள் சொன்னார்.