ரெட் ராக் கேன்யன்: 'பக்கத்தில்தானே' என்ற நினைப்பில் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் கேசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையிலிருந்து, சிவந்த பாறைகள் நிறைந்த ரெட் ராக் கேன்யன் பள்ளத்தாக்கு மேற்கே 17 மைல்தான். அந்த நெருக்கம்தான் ஆளை ஏமாற்றுகிறது. மதியம் சும்மா இருக்கிறோம், ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்று செருப்போடும் அரை பாட்டில் தண்ணீரோடும் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குப் பக்கத்தில் இருந்தாலும் அது மொஹாவி பாலைவனம்.

வாசலிலேயே மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. அக்டோபரிலிருந்து மே வரை, காலை 8 முதல் மாலை 5 வரை உள்ளே நுழைய, காருக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்திருக்க வேண்டும். தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்திர பாஸ் இருந்தாலும் இந்த முன்பதிவு தனி. குளிர்கால வார இறுதிகளில் இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

உள்ளே இருக்கும் 13 மைல் சாலை ஒருவழிப்பாதை. ஓர் இடத்தைத் தாண்டிவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால், முழுச் சுற்றையும் முடித்து, வெளியே வந்து, திரும்ப நுழைய வேண்டும். அதனால் எங்கெங்கே நிறுத்துவது என்பதை வாசல் அருகிலுள்ள பார்வையாளர் மையத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். இந்த மையத்தைப் பலர் நிற்காமல் கடந்துவிடுவது எனக்கு வருத்தம்தான். அங்கே பத்து நிமிடம் செலவிட்டால், மலை உச்சிகளில் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை சிவந்த மணற்பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது ஏன் என்று புரியும். மேலே இருப்பதுதான் வயதில் மூத்தது. சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் நெருக்கியதில் பழைய பாறை புதியதன் மேல் தள்ளப்பட்டது. இது தெரிந்தபின் அதே மலை வேறு மாதிரி தெரிகிறது.

தண்ணீரையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சுற்றுச்சாலையில் கடையோ பெட்ரோல் பங்கோ கிடையாது. நடக்கப் போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது கிட்டத்தட்ட 3.8 லிட்டர் வேண்டும். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பு எவ்வளவு இழக்கிறது என்பதே தெரியாது. பாதித் தண்ணீர் தீரும்போது எங்கே இருக்கிறீர்களோ, அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். விடியற்காலையில் நடந்து முடித்துவிட வேண்டும்.

சுற்றுச்சாலையில் வரும் காலிகோ ஹில்ஸ் என்ற பாறைக்குன்றுகளில் கார் நிறுத்துமிடத்திலிருந்து பாறைகளுக்கு இறக்கம். போகும்போது சுகமாக இருக்கும், களைத்துப்போய்த் திரும்பும்போதுதான் ஏற்றம். பாறை மேல் தொற்றி ஏறும்போது இது நேர்மாறு: ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் காலை எங்கே வைப்பது என்று தெரியாது. இறங்க வழி தெரியாத பாறையில் ஏறவே ஏறாதீர்கள்.

மழை பெய்தபின் இன்னும் கவனம் வேண்டும். மணற்பாறை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மணல்துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு இளகும். மேற்பரப்பு காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், பிடித்த பிடி கையோடு வந்துவிடும். பாறையேற்றக்காரர்கள் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை காத்திருப்பது இதனால்தான். ஐஸ் பாக்ஸ் கேன்யன் மாதிரி குறுகலான, நிழலான இடங்களில் வேறொரு ஆபத்து. உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். பின்னால் மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கும். மலைப்பக்கம் இடிமேகம் தெரிந்தால் அன்றைக்கு அந்த நடை வேண்டாம்.

காட்டுக் கழுதைகளுக்குத் தின்பண்டம் நீட்டுவது சட்டப்படி குற்றம். பாவம், அந்தப் பழக்கத்தால் அவை சாலையோரமே நின்று கார்களில் அடிபடுகின்றன. பாலைவன ஆமையைக் கண்டால் தூக்காதீர்கள். பயந்தால் சிறுநீரை வெளியேற்றிவிடும். வறட்சிக் காலத்துக்கு அது சேமித்து வைத்திருக்கும் தண்ணீரே அதுதான். வில்லோ ஸ்பிரிங்ஸ் பாறை ஓவியங்களையும் தொட வேண்டாம், விரலில் உள்ள எண்ணெய்ப்பசையே அவற்றைக் கெடுத்துவிடும்.

பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்து, எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுற்றுச்சாலை மாலை 5 மணிக்கே மூடப்படும். அந்த மாதங்களில் மதியம் 2 மணிக்கு மேல் நீண்ட நடை எதையும் ஆரம்பிக்காதீர்கள்.