பெண்கள் மறியல் சட்டத்தை வாசிப்பது எப்படி

டெக்சஸில் இருக்கும் என் பெறாமகள் பெண்கள் மறியலில், அதாவது பெண்கள் சிறையில், திருநங்கைகளை வைக்கலாமா என்பது பற்றிய ஒரு சட்டத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "பெரியம்மா, இது சரியோ பிழையோ, ஒரு வரியில சொல்லுங்கோ" என்று கேட்டாள். இருபது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவளிடம் ஒரு வரி கேட்கலாமா? கிளிநொச்சியில் ஏ-9 வீதிக் கடையொன்றில் அதைப் பிரதி எடுத்து, சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன். நீங்களும் முதலில் அதைக் கடதாசியில் எடுங்கள். தொலைபேசியில் வாசித்தால் தலைப்போடு நின்றுவிடுவீர்கள். இந்தச் சட்டங்களில் சண்டைக்கென்று எழுதப்பட்ட பகுதி தலைப்புத்தான்.

அடுத்தது, யாருடைய மறியல் என்று பாருங்கள். நம் இலங்கையில் ஒரே சிறைச்சாலைத் திணைக்களம், சிக்கல் இல்லை. அமெரிக்காவில் மத்திய அரசுக்கு ஒரு மறியல், மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டம் போன்ற கவுண்டிக்கு ஒன்று. 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் ஒப்பமிட்ட கட்டளையில் சிறை பற்றி வரும் பகுதி மத்திய அரசின் சிறைகளுக்குத்தான். மாநிலச் சிறையில் இருப்பவளுக்கு மாநிலச் சட்டம்தான். இதைக் குழப்பிக்கொண்டு வாதாடுபவர்களே அதிகம்.

பிறகு 'பெண்' என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருளுக்குக் கோடு போடுங்கள். டெக்சஸ் 2025இல் நிறைவேற்றிய சட்டம் பிறப்பால் வரும் பாலைப் பார்க்கிறது. கலிபோர்னியாவில் 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், கைதியைத் தனியாக வைத்து, தன்னை யார் என்று கருதுகிறார் எனக் கேட்கச் சொல்கிறது. கனெக்டிகட்டின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவரின் முடிவையோ, சட்டப்படி பெற்ற அங்கீகாரத்தையோ கேட்கிறது.

இனி, முக்கியமான வேலை. 'ஒழிய' என்ற சொல்லைத் தேடுங்கள். ஒருமுறை பிணைக் கட்டளையொன்றை மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல்லை நான் விழுங்கிவிட்டேன். மகனுக்கு உடனே பிணை கிடைத்துவிட்டது என்று நினைத்து, ஒரு தாய் மன்றுக்கு வெளியே ஓடிப்போய் அழுதா. திருப்பிக் கூப்பிட்டு, ஆள்பிணை வேண்டும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்றிலிருந்து எந்தச் சட்டத்திலும் அதைத் தேடாமல் விடமாட்டேன். கலிபோர்னியாச் சட்டத்தில் கைதியின் விருப்பப்படி ஆண்கள் சிறையோ பெண்கள் சிறையோ கொடுக்க வேண்டும், நிர்வாகம் அல்லது பாதுகாப்புக் காரணம் இருந்தால் ஒழிய. அந்தக் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் உடலுறுப்பைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. ஒழியவுக்குள் இன்னொரு ஒழிய! 2021 கடைசியில் அங்குள்ள பெண் கைதிகள் சிலர் தங்கள் பாதுகாப்புக்கு இது ஆபத்து என்று வழக்குப் போட்டார்கள். சமஷ்டி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

அந்தப் பெண்களின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 2009இல் முகாமில் நாங்கள் படங்கு மறைப்புக்குள் உடுப்போடு குளித்தவர்கள்; காற்று அடித்தால் அதுவும் இல்லை. அதே கண்ணால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். டீ ஃபார்மர் என்ற திருநங்கையை ஆண்கள் சிறையில் போட்டார்கள். அங்கே தன்னை அடித்து வன்புணர்ந்ததாக அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆபத்து தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரி அரசியலமைப்பை மீறுகிறார் என்று 1994இல் தீர்ப்பு வந்தது. சிறைப் பாலியல் வன்முறைக்கு எதிரான 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த விதிகள், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார், வருடத்தில் இரண்டு தரம் மீளப் பார், தனியாகக் குளிக்க வழி கொடு என்றன. என்னைக் கேட்டால், எல்லோரையும் ஒரே சொல்லால் அடைக்கும் சட்டத்தைவிட இந்த ஆள்பார்த்துச் செய்யும் வழி நல்லது. ஆனால் அதற்கு ஆளும் காசும் வேண்டும். அதைச் சட்டம் ஒதுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முடிந்தால் நம்முடையதையும் பக்கத்தில் வையுங்கள். 1877ஆம் ஆண்டுச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கு ஆண், பெண் இரண்டுதான் தெரியும். 2016இலிருந்தோ, பாலின அங்கீகாரச் சான்றிதழை வைத்துப் பிறப்புச் சான்றிதழையே திருத்தலாம். விளக்கமறியல் வாசலில் பதிவுப் புத்தகத்தோடு இருப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்.

இவ்வளவையும் எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு பின்னேரம் வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணி ஆறும்வரை பேசாமல் இருந்த முன்வீட்டு ஆச்சி, "பிள்ளை, அங்க குளிக்கிற இடத்துக்குக் கதவு இருக்கோ?" என்று கேட்டா. அந்தக் கேள்வியைப் பிரதியின் ஓரத்தில் சிவப்பில் எழுதி, படம் பிடித்துப் பெறாமகளுக்கு அனுப்பிவிட்டேன்.