வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போன்ல இத பண்ணிடுங்க
ஹெல்மெட்டுக்குள்ள போனை சொருகிகிட்டு தலைய சாச்சு பேசிட்டே போறவங்கள ஜிஎஸ்டி ரோட்ல பாக்கும்போதெல்லாம் பதறுது. 60 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிடும், வாட்ஸ்அப் பாக்க மூணு செகண்ட் குனிஞ்சா 50 மீட்டர் ரோட்டையே பாக்காம போயிருப்பீங்க, அதுக்குள்ள முன்னாடி போற ஷேர் ஆட்டோ ஆள் ஏத்த சடார்னு நின்னுருக்கும்.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே மேப்ஸ்ல இடத்த போட்டு வாய்ஸ் ஆன் பண்ணிட்டு, டூ நாட் டிஸ்டர்ப் போட்டு வீட்டு நம்பர மட்டும் அலோ பண்ணி வைங்க. ப்ளூடூத்ல பேசுனா பரவால்லன்னு நினைக்காதீங்க, கை ஃப்ரீயா இருந்தாலும் கவனம் பேச்சுல தான் இருக்கும். அவசரம்னா ஓரங்கட்டிட்டு பேசுங்க. நீங்க கால் பண்ணவரு வண்டில இருக்காருன்னு தெரிஞ்சா, ப்ளீஸ், நீங்களே கட் பண்ணிடுங்க.